ஆர்ச்சிபால்ட் மக்கெல்வி நேரில் ஆஜரானது

செத்து இருநூறு வருஷம் கடந்துவிட்ட ஆர்ச்சிபால்ட் மக்கெல்வி, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தபால் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து, தன் பேரனின் பேரனுக்குப் பேத்தியான ஆர்ஃபாவின் சமையலறைக் கதவைத் தட்டினார். ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் அந்த வாரம் பன்றி இறைச்சி விலை கிடுகிடுவென்று ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். தபால்காரர் மட்டும், பழைய காலத்துச் சட்டை போட்ட ஒருவர் மக்கெல்வி வீட்டுக்குப் போனார், காதுகளைப் பார்த்தால் சொந்தக்காரர் மாதிரிதான் இருந்தது என்று கடையில் சொன்னார்.

ஆர்ஃபா அவரைப் பழைய ஆவணங்களில் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கோத்துவிட்டு ஓய்வு பெற்றவள். தேடலுக்குக் காரணம் அவளுடைய அப்பா எஸ்ரா. ஓடைக்கு மேலே உள்ள பழைய கல் தேவாலயத்தில், முதல் குடியேறிகளின் வம்சத்தார் மட்டும் வருஷாவருஷம் அக்டோபரில் கூடி விருந்து சாப்பிடுவார்கள். அந்த முதல் குடியேறிகளின் பெயர்கள் அங்கே சுவரில் வெட்டப்பட்டிருக்கும். ஆர்ஃபா சிறுமியாக இருந்தபோது, எஸ்ரா சட்டைக்குக் கஞ்சி போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு அந்த விருந்துக்குப் போனார். வாசலிலேயே மறித்து, "பேப்பர் இருக்கா, எஸ்ரா?" என்று கேட்டார்கள். அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அதற்குப் பிறகு கஞ்சி போட்ட சட்டையை அவர் போட்டது சவப்பெட்டிக்குள்தான்.

வம்சத்தை நிரூபிக்கிற பேப்பர் கிடைக்கிற வழியாக இல்லை. மாவட்ட நீதிமன்றம் ஒருமுறை எரிந்துபோயிருந்தது. தீ விட்டுவைத்ததை எலிகள் முடித்துவைத்திருந்தன. வரிக்காரர்கள் எழுதிய எந்தப் பட்டியலிலும் ஆர்ச்சிபால்ட் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர்களின் பத்திரங்களில் மட்டும் 'கிழக்கே மக்கெல்வியின் வேலி' என்று வந்தது. ஒரு முழு மனிதன் அடுத்தவன் நிலத்துக்கு எல்லையாக மட்டும் வாழ்ந்துவிட்டுப் போயிருந்தான். தேவாலயப் புத்தகத்தில், ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்ததற்காக ஒரு மக்கெல்வியைக் கண்டித்ததாக ஒரு வரி உண்டு. முதல் பெயர் இருந்த ஓரம் கிழிந்துவிட்டது. அந்த விருந்தை நடத்தும் வம்சத்தார் சங்கத்தின் தலைவி லெட்டீஷியா கில்மோர், தானும் அதே ஆர்ச்சிபால்டின் வம்சம்தான் என்று பாட்டன்மார் கதையைக் காட்டி எப்போதோ சேர்ந்தவள், அந்த வரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "விசில் அடிச்சவன் எவனோ! நம்மவர் கேப்டன், ஆர்ஃபா" என்றாள். 'கேப்டன் ஆர்ச்சிபால்ட்' என்று வெண்கலப் பலகையும் செய்து மாட்டியிருந்தாள்.

இந்த நிலையில்தான் அவரே வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏம் புள்ள, எதுக்கு என்னை இந்தத் தோண்டு தோண்டுற? நிம்மதியாப் படுத்துக் கெடக்க விடுறியா?" என்றார். ஆர்ஃபா அவருடைய காதுகளைப் பார்த்தாள். அப்பாவின் காதுகள், தொப்பியைத் தாங்கவென்றே செய்தவை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சோளரொட்டியை உதிர்த்து மோரில் போட்டுக் கொடுத்தாள். அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஓநாய்களெல்லாம் எங்கே போயின என்று விசாரித்தார். பிறகு கதையைச் சொன்னார்.

அவர் கேப்டன் இல்லை. கடலுக்கு அப்பால் அல்ஸ்டரில் லினன் துணி நெய்தவர். குத்தகை ஏறிக்கொண்டே போனதால், இறங்கும் இடத்தில் எவனுக்காவது வருஷக்கணக்கில் கூலியில்லாமல் உழைப்பதாகக் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார். பக்கத்துப் பலகையில் படுத்திருந்த ஒருவன் சொந்தக் காசில் வந்தவன். கரை தெரிவதற்குள் இருமி இருமிச் செத்துப்போனான். அவன் பெயர்தான் ஆர்ச்சிபால்ட் மக்கெல்வி.

"கரையில பேரைக் கூப்பிட்டாங்க. அவன் எங்க பதில் சொல்றது? நான் சொன்னேன். கூலியில்லா வேலையிலேர்ந்து தப்பிச்சேன். அதுலேர்ந்து, பேனா பிடிச்சவன் எவனைக் கண்டாலும் காட்டுக்குள்ள போயிடுவேன்."

ஆர்ஃபாவுக்கு அடுப்பங்கரையே ஆடியது. "அப்ப நாங்க மக்கெல்வியே இல்லையா?"

"அந்தப் பேர்ல மரம் வெட்டினேன், கல்லு பொறுக்கினேன், புள்ளைங்களப் பெத்தேன், பாதியைப் பொதைச்சேன். அந்தச் செத்தவன் அந்தப் பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணான்? இருமினான்."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. மாடியறையில் அவருக்குப் படுக்கை போட்டாள். அக்டோபர் வந்ததும், அவருக்குத் தன் அப்பாவின் கோட்டை மாட்டிவிட்டு விருந்துக்கு அழைத்துப் போனாள்.

வாசல் மேசையில் லெட்டீஷியா உட்கார்ந்திருந்தாள். "யாரு இது?"

"நம்ம ரெண்டு பேருக்கும் மூத்தவரு. அவரையே கூட்டிட்டு வந்துட்டேன்."

லெட்டீஷியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து காதை மூடியே வாரிவந்த தன் தலைமுடியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். சங்கத்தார் கூடினார்கள். அவரைப் பேய் என்று யாரும் சொல்லவில்லை. விதிமுறையில் பேய்க்குத் தடை எதுவும் இல்லை. கேள்விகள்தான் கேட்டார்கள்.

"பிறந்த தேதி?"

"உருளைக்கிழங்கு தோண்டுற சமயம்னு எங்கம்மா சொல்லுவா."

"ஞானஸ்நானப் பதிவு?"

"அந்தப் பாதிரிக்கு எழுத வராது."

"நிலப் பத்திரம்?"

"பத்திரம் எதுக்கும்மா? வேலி போட்டேன்."

சேர்க்க முடியாது என்று சங்கத்தார் வருத்தத்தோடு கைதூக்கி முடிவு செய்தார்கள். "தப்பா நினைக்காதீங்க பெரியவரே," என்றாள் லெட்டீஷியா. "ஆள் இன்னைக்கு வருவாரு, நாளைக்குப் போவாரு. காகிதம்தான் நிக்கும்."

கப்பல் கதை ஆர்ஃபாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும், வெண்கலப் பலகையும் கேப்டனும் தரைமட்டம். ஆனால் லெட்டீஷியா மறுபடியும் காதுமேல் முடியை இழுத்துவிடுவதைப் பார்த்தாள். இவர்தான் தங்கள் மூத்தவர் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டு, கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஓடைப் பாலம் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்களுக்கே சாப்பாடு இல்லைன்னுட்டாங்க! எங்கப்பா வேற, பேப்பர் இல்லையேன்னு சாகுறவரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தாரு."

"உங்கப்பன் என் ஆளு புள்ள," என்றார் கிழவர். "நல்லாச் சிரி. எனக்குப் பசிக்குது, சீக்கிரம் சிரிச்சு முடி."

அவர் திரும்பிப் போகவில்லை. விறகு பிளந்தார், வேலியைச் சரிசெய்தார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். வியாழக்கிழமைகளில் லெட்டீஷியா பின்வாசல் வழியாக ஆப்பிள் பணியாரத்தோடு வந்து, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து பழைய காலத்தைக் கேட்பாள். பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. கேப்டனைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

முதல் பனி விழுந்த அன்று, அல்ஸ்டரில் தன் அம்மா தன்னைக் கூப்பிட்ட பெயரை ஆர்ஃபாவிடம் அவர் சொன்னார். கப்பலேறியதிலிருந்து அந்தப் பெயரால் யாரும் தன்னைக் கூப்பிட்டதில்லை, தன் மனைவிகூட இல்லை என்றார். இப்போது சாப்பாட்டு வேளைக்கு ஆர்ஃபா பின்வாசலில் நின்று அந்தப் பெயரைத்தான் உரக்கக் கூப்பிடுகிறாள். ஓடைக்கு அந்தப் பக்கம்வரை எல்லோருக்கும் கேட்கிறது. எங்கேயும் எழுதிவைக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், அது இங்கேயும் எழுதப்படவில்லை.