தர்மராஜ் மீண்டும் குத்துகிறார்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே தொங்கிய பேனரில் தர்மராஜ் இருபத்தைந்து வயதில் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே வேனுக்குள் உட்கார்ந்திருந்த தர்மராஜுக்கு நாற்பத்தெட்டு. 'தர்மராஜ் மீண்டும் குத்துகிறார்' என்று சிவப்பில் போட்டிருந்தது. மங்கலான இடது கண்ணை மூடிக்கொண்டுதான் அதைப் படிக்க முடிந்தது. அந்தக் கண்ணில் இன்னொரு அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்வை போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் இந்த வேனும் போகும்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. "இந்த வருஷம் அம்மன் திருவிழாவுல குத்துறேன் பாய்" என்று சுல்தான் பாய் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே சொன்னான். அவன் சொன்னது, கண்ணுக்காக வேண்டிக்கொண்ட அலகை. கன்னத்தில் வேல் குத்திக்கொள்வதை. பாய் நல்ல மனுஷர்தான், ஆனால் அரைச் சொல் கையில் கிடைத்தால் அதை முழுசாக்கி விற்றுவிடும் வியாபாரி. பழைய பாக்ஸிங் சாம்பியன் வேறு எதைக் குத்துவான் என்று பேனரே அடித்துவிட்டார்.

தர்மராஜ் வேனை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனான்.

"பாய், நான் சொன்னது அலகு."

"அதையும் குத்து, வேணாங்கல. முதல்ல அலகு, அப்புறம் பாக்ஸிங். அன்னிக்கு உனக்கு லீவுதானே?"

"கண்ணு போயிடும் பாய்."

"ஒரே ரவுண்டு. ஜிம்முல இருக்கானே சத்தியசீலன், தங்கமான பையன். மெதுவா குத்தச் சொல்றேன்."

"குத்துல மெதுவா ஏது பாய்?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எஸ்டேட் லயத்து வீட்டையெல்லாம் இடிச்சதும் சனம் ராசா, ரஹாங்னு ஊர் ஊரா செதறிப் போச்சு. கோயிலுக்குக் கூப்பிட்டா யாரு வர்றா? நீ குத்துறேன்னதும் பஸ் பிடிச்சு வர்றாங்க. நான் என்ன செய்ய?"

அதுதான் தொல்லை. பொழுது போகாத ஒரு வெள்ளைக்கார துரை, ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகைக்குப் பின்னால் கயிறு கட்டி ஆரம்பித்துவைத்த ஆட்டம் இந்தப் பாக்ஸிங். ஜெயித்தவன் மறுநாள் பால்வெட்டுக்குப் போக வேண்டாம். அந்த ஒரு காலைத் தூக்கத்துக்காக மேல் லயமும் கீழ் லயமும் மூக்கை உடைத்துக்கொண்டன. துரை போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கயிறு மட்டும் அவிழவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தோற்ற சனம், இது ஒன்றில் ஜெயித்திருந்தது, லேசில் விடுமா? அந்தச் சனத்துக்காக அடி வாங்கியே வளர்ந்தவன் தர்மராஜ். அவர்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது.

"பாய்கிட்ட சொன்னா பேரந்தான் பேசுவாரு," என்றாள் மனைவி தனலெட்சுமி. "சனத்துகிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது?"

"அப்ப வாய மூடிக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். தர்மராஜ் அதை வெகுநேரம் யோசித்தான்.

திருவிழா அன்று, இரண்டு கன்னத்தையும் துளைத்த நீள வேலோடு கோயிலை அடைந்தான். பூசாரி மாயாண்டி வேலை உருவ வந்தார். தர்மராஜ் கையைக் காட்டி அவரைத் தடுத்தான். நேராகத் திடலுக்கு நடந்து, கயிற்றைத் தூக்கி, மேடை மூலையில் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். கால் வலித்தது. உட்கார்ந்தது சுகமாக இருந்தது.

சத்தியசீலன் கிளவ்ஸோடு நடுவில் வந்து நின்று, கன்னத்தில் குத்தியிருந்த வேலைப் பார்த்தான்.

"என்னடா நிக்கிற?" என்றார் பாய் மைக்கில்.

"பாய், அண்ணன் வேலோட இருக்காரு. அம்மன் மேல கை வைக்கச் சொல்றீங்களா?"

கூட்டம் மொத்தமும் பாயைத் திரும்பிப் பார்த்தது. பாய் மைக்கை அணைத்தார். சத்தியசீலன் மண்டியிட்டு, கிளவ்ஸ் போட்ட இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். உறுமி மேளம் தொடங்கியது. பழைய மேல் லயமும் கீழ் லயமும் சேர்ந்து தர்மராஜ் பெயரைக் கத்தின, ஏதோ அவன் ஜெயித்துவிட்டதுபோல.

பாய் மேடையேறி அவன் காதருகே குனிந்தார். "நல்ல கூட்டம் தம்பி. அடுத்த வருஷம் அலகு இல்லாம..."

தர்மராஜ் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினான். வேல் நுனி பாயின் மூக்கை உரசாத குறையாகப் போய்த் திரும்பி வந்தது. அன்று அந்த மேடையில் பின்வாங்கிய ஒரே ஆள் சுல்தான் பாய்தான்.