வாய் திறக்காதவர்களுக்கு இலவசம்

கிளினிக் வாசலில் காரை நிறுத்தியதும் ஆர்வில் டாக்டராக மாறினான். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி லோர்னா, ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு, சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்தாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா, மேடம்?"

"படியில டான்ஸே ஆடறேன், டாக்டர்."

"நெஞ்சு அடைக்குதா?"

"எனக்கு இதயமே கிடையாதாம். வீட்டுக்காரர் சொல்றார்."

"பாஸாயிட்டீங்க. உள்ள போகலாம்."

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவார்கள். வருடாந்தரப் பரிசோதனைச் செலவு முழுவதும் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. ஆனால் 'இங்கே வலிக்கிறது' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அது சிகிச்சை, செலவு நம்முடையது. போன வருடம் லோர்னா பேச்சுவாக்கில் முழங்காலைப் பற்றிச் சொல்லித் தொலைத்தாள். அந்தப் பில்லை அடைக்கக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று.

இந்த வசந்தத்தில், நிலவறை டிரையரில் காய்ந்த துணிகளைத் தூக்கி வரும்போது இரண்டு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆகஸ்ட்ல பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போறேன்ல, அவங்க இன்சூரன்ஸ் நல்லது. அப்ப வாயைத் திறக்கறேன்" என்றாள். ஆர்விலுக்கும் அது சரியென்றே பட்டது.

டாக்டர் எல்லாம் பார்த்து முடித்து, கதவுக் குமிழில் கையை வைத்தபடி கேட்டார்: "வேற ஏதாவது தொந்தரவு?"

லோர்னா ஆர்விலைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா நான் கடையை மூடிட்டு மீன் பிடிக்கப் போயிடுவேன்."

பிறகு பான்கேக் சாப்பிடப் போனார்கள். லோர்னா மேப்பிள் பாகைத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குக் கூலி" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை நிலவறைப் படிகளின் அடியில் அவள் உயிரற்றுக் கிடந்ததை ஆர்வில் பார்த்தான். அவள்மேல் கொட்டிக் கிடந்த துணிகளில் இன்னும் சூடு ஆறவில்லை.

டாக்டர் போனில் வருத்தம் தெரிவித்தார். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆர்வில். அங்கேயே ஈசிஜி எடுத்திருப்பேன்."

"அதுக்குப் பில் வந்திருக்குமா?"



"அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கறவங்க பார்த்துக்கறது."

அடுத்த வசந்தத்தில் ஆர்விலின் முறை. உடம்பு இளைத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. தூக்கம் போய்ப் பல மாதமாகிவிட்டது. அந்த நிலவறைப் படியில் பாதியில் நின்று மூச்சு விட்டுத்தான் மேலே வந்தான்.

அதே அறை, அதே கதவுக் குமிழ்.

"வேற ஏதாவது தொந்தரவு?"

காலியாக இருந்த இன்னொரு நாற்காலியை ஆர்வில் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

அந்த வருடமும் பரிசோதனைக்கு ஒரு சென்ட்கூட ஆகவில்லை.