இரண்டு காலையும் பார்க்கிறார்

கதவின் ஒரு பலகையைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்த பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வீட்டுக்குள் வந்தது. அதற்குள் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மச்சானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் வாசற்படியில் இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டார்கள்.

"எவ்வளவு சார் வெயிட்டு?" என்றார் ஓட்டுநர். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தொம்போது கிலோ நானூறு" என்றார் ரீடிங்காரர். "போன மாசம் எடுத்தது."

ஐந்து மாதத்துக்கு முன்னால் மனைவி நூற்றெட்டு இருந்தாள், குறைந்து வந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வாய் வந்தது. அவள் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள். தூக்கிய களைப்பில் நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்.

இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மனைவிகூட வெளியாட்களிடம் "எங்க ரீடிங்காரர்" என்றுதான் சொல்வாள். அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மெஷின் பக்கத்தில் நின்றபடி வேலை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை, தாங்க முடியாத உடம்பு. அன்று காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மூன்று மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

முன்னறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியாயிற்று. போர்வை நீளம் போதவில்லை. முழங்கால் வரை கட்டுப் போட்ட இடது கால் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மகள் வந்து கால் பக்கம் இழுத்துவிட்டாள். கழுத்துப் பக்கம் திறந்துகொண்டது. மறுபடியும் மேலே இழுத்தாள். ஆசிரியை வேலை பார்க்கிறவள்; எதையும் ஒழுங்காக வைக்காமல் விடமாட்டாள். நாலாவது முறை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ரீடிங்காரர் அந்தக் கட்டைப் பார்க்காமல் இருக்க வசதியாகத் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தது அவளுடைய யோசனை. பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு ஊசி, புது மருந்து. சர்க்கரையும் குறையும், எடையும் குறையும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். மரத்துப்போன கால்களுக்கும் புண்களுக்கும் அது என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. "நம்மள வெச்சு எலி மாதிரிப் பாப்பாங்கடி" என்று கடைக்கார அம்மா பயமுறுத்தியபோது, "இந்த சைஸுல எலி எங்கக்கா கெடைக்கும்? அதான் என்னையக் கூப்பிட்டிருக்காங்க" என்றாளாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். காலையில் விரலைக் குத்திப் பார்த்த சர்க்கரை அளவு ஒரு கட்டத்தில். அதில் யாரும் ஏமாற்ற முடியாது, மெஷினே ஞாபகம் வைத்திருக்கும். மாலையில் கால். இடது, வலது, தோல், நிறம், வீக்கம், புண். அவளால் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கல். உள்ளங்காலில் உணர்ச்சியும் இல்லை. அதனால் வீட்டில் ஒருவர் தினமும் பார்த்துக் குறிக்க வேண்டும். "எங்க ரீடிங்காரர் பார்த்துடுவாரு, அவருக்கு அதானே தொழிலு" என்று அவள் சொன்னபோது நர்ஸ்கூடச் சிரித்தாள்.

முதல் ஆறு வாரம் ஒரு நாள் தவறாமல் பார்த்தார். தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களைப் பிரித்து, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு பார்ப்பார். மீட்டர் பெட்டி இருட்டில் இருந்தால் அப்படித்தான் பார்ப்பது வழக்கம்.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டான்.

"என்ன அத்தான், ரீடிங் எடுக்கறீங்களா? அக்கா எத்தன யூனிட் ஓடியிருக்கா?"

அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. உடம்பெல்லாம் குலுங்கியது, அவர் மடியிலிருந்த பாதமும் சேர்ந்து குலுங்கியது. மச்சான் அதோடு விடவில்லை. அந்த வாரம் முழுக்கச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தபோதெல்லாம், "இன்னிக்கு ரீடிங் எடுத்தாச்சா?" என்ற கேள்வி வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குத்தான் காது மடல் சூடேறியது. ஐம்பத்தேழு வயதில், நாலு பேர் வந்து போகிற முன்னறையில், பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்திருந்தவன் என்று பெயராகிவிட்டதே.

மச்சான் வந்துபோன மறுநாளே, செவ்வாய்க்கிழமை, நோட்டை எடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டுக் கட்டத்திலும் குறி போட்டார்.

"இன்னிக்குப் பாக்கலியா?" என்றாள்.

"நேத்து எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கும். போட்டுட்டேன்."

"சரி" என்றாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

மீட்டர் பார்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டியிருந்தால், போன மூன்று தடவை ஓடியதைப் பார்த்து ஒரு சராசரியை எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை கதவு திறந்திருக்கும். மீட்டரில் நிற்கும் எண்ணைப் பார்த்தால் கூடக்குறைய எழுதியதெல்லாம் தானாக நேராகிவிடும். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சராசரியால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கை அதற்குப் பழகியிருந்தது.

ஒன்றே முக்கால் மணிக்கு ஆராய்ச்சி நர்ஸ் வந்தாள். சீருடை இல்லாமல் வந்ததால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெஞ்சுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்கு ரெண்டு ஜோக்கு வெச்சிருப்பாங்க உங்கம்மா" என்றாள்.

மச்சானுக்கு எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. "நர்ஸம்மா, ஊசியெல்லாம் பிரிட்ஜில இருக்கு, நோட்டும் இருக்கு. வந்ததே வந்தீங்க, எடுத்துட்டே போயிடுங்க."

"நாளைக்கு வரேன் சார். இப்ப எதுக்கு?"

"இருக்கட்டும்மா, அதைப் பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கு" என்று அவனே போய் எடுத்து வந்தான்.

நர்ஸ் நோட்டை வாங்கி மெதுவாகப் புரட்டினாள். "இவ்வளவு பேர்ல இவங்க நோட்டுதான் சார் சுத்தம். அடித்தல் திருத்தல் ஒண்ணு கிடையாது. டாக்டர் இதைத்தான் மத்தவங்களுக்கு எடுத்துக் காட்டுவார்."

ரீடிங்காரர் தலையை ஆட்டினார். ஆட்டியது தெரிந்ததும் நிறுத்தினார்.

"அதனாலதான் டாக்டருக்குப் புரியல" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "செவ்வாய்க்கிழமை வரைக்கும் ரெண்டு கால்லயும் ஒண்ணுமில்ல. புதன்கிழமை விரல் கறுத்துப் போய் வராங்க. புண்ணுக்குள்ள ஒரு ஸ்டேப்ளர் பின்னு இருந்துச்சு, கடையில குத்தியிருக்கும், சரி. ஆனா ஒரே நாள்ல இப்படியா பரவும்? மருந்துதான் ஏதோ பண்ணிடுச்சோன்னு சந்தேகம். நேத்திலேர்ந்து எல்லாருக்கும் ஊசிய நிறுத்தி வெச்சிருக்கோம்."

"எல்லாருக்குமா?" என்றாள் மகள்.

"நாப்பத்தோரு பேரு. நல்லா முன்னேறிட்டிருந்தாங்க. என்ன பண்றது, காரணம் தெரியற வரைக்கும் குடுக்க முடியாதே."

ஆஸ்பத்திரியிலும் புதன்கிழமை டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா?" என்று. "நேத்துப் பாத்தப்போகூட ஒண்ணும் இல்லீங்க" என்று சொன்னது இவர்தான். அப்போது பயத்தில் சொன்னது. அவள் பக்கத்திலேயே கட்டிலில் படுத்திருந்தாள். காய்ச்சலில் கண் மூடியிருந்தாள். கேட்டாளோ என்னவோ.

நர்ஸ் நோட்டின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். ஒவ்வொரு வாரத்தின் கீழும் நோயாளி தன் கைப்பட ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். ரீடிங்காரர் தன் கட்டங்களை நிரப்பியதும் நோட்டை மூடிவிடுவார். அந்த வரிகளை ஒரு நாளும் படித்ததில்லை.

"உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும் சார், கேளுங்க. பதிமூணாவது வாரம் எழுதியிருக்காங்க. 'என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு காலையும் பார்க்கிறார். ஒரு குறையும் இல்லை.' பதினாலுலயும் அதேதான். பதினஞ்சுல, 'மழையில் நனைந்து வந்தும் பார்த்தார்.' இப்படியே மொத்தம் பதினெட்டு வரி."

மகள் விசும்பினாள். வந்திருந்தவர்களில் ஒரு பெண், "குடுத்து வெச்சவ" என்றாள். எல்லோரும் ரீடிங்காரரைப் பார்த்தார்கள். மரியாதையோடு பார்த்தார்கள்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தால் இரண்டு பேர் பொய்யர்கள் ஆவார்கள். ஒருத்தியால் இனி எதற்கும் பதில் சொல்ல முடியாது. மூடிக்கொண்டால் பதினெட்டு வரியாய் அவள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன மதிலுக்குள் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் மனசு ஒரு கணம் அடுத்த தெருவுக்குப் போயே விட்டது.

"அவ எழுதினது நெசமில்லம்மா" என்றார்.

நர்ஸுக்குப் புரியவில்லை. "எது சார்?"

"நான் பாக்கல."

"அத்தான்" என்றான் மச்சான், "ராத்தூக்கம் இல்லாம என்னமோ சொல்றீங்க. அக்காவே கைப்பட எழுதியிருக்கா, நீங்க என்னத்த..."

"அவ எனக்காக எழுதினா. எனக்கு இப்பத்தான் தெரியும்." நோட்டைக் கையால் காட்டினார். "ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நான் பாக்கல. குறி மட்டும் போட்டேன்."

"ஒரு நாள்கூடவா?" என்று கேட்டது மகள்.

"ஒரு நாள்கூட."

"ஏம்ப்பா?"

மச்சான் மனசுக்குள் வாரங்களை எண்ணிப் பார்த்திருப்பான் போல. அவன் கை மெல்ல இறங்கிப் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று ரீடிங்காரர் கவனமாக இருந்தார். அவன் வேடிக்கையாகப் பேசினான். நாற்காலியை விட்டு இறங்காதது இவர்.

"போன வாரம் வியாழக்கிழமை இந்த ரூமுல நாத்தம் வந்துச்சு" என்றார், நர்ஸிடம் மட்டும் பேசுவதுபோல. "எலி செத்துக் கிடக்குன்னு அலமாரிய நகத்திட்டு, கீழ படுத்து, டார்ச் அடிச்சுத் தேடினேன். அவ கட்டில்ல காலத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தா. 'எலியாத்தான் இருக்கும்'னு அவளும் சொன்னா. அதுக்கும் முன்னாடியே புண்ணு இருந்திருக்கும்மா. மருந்துமேல தப்பு இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாள்ல வந்தது இல்ல. டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க."

"குடுத்து வெச்சவ" என்று சொன்ன பெண் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

நர்ஸ் நோட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்து அவர் சொன்னதை எழுதினாள். கிழமைகளை மட்டும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தாள். "சொன்னதுக்கு..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். "இங்க ஒரு கையெழுத்து சார். சாட்சிக்கு வீட்டுல இன்னொருத்தர்."

அவர் போட்டார். மகள் வந்து பேனாவை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள், அவர் கையிலிருந்து வாங்கவில்லை. எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மாணவர் ஒருவரின் விடைத்தாளைப் படிப்பதுபோலத்தான் படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

நர்ஸ் போன பிறகு மச்சான் வாசலில் போய் நின்றுகொண்டான். அறைக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டரை ஆயிற்று. ரீடிங்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகலாம் என்றால் எல்லோர் முன்னாலும் நடந்துதான் போக வேண்டும்.

மகள் உள்ளேயிருந்து வந்தபோது கையில் ஒரு ஜோடி காலுறை இருந்தது. வெள்ளை நிறம், பிரிக்காத புது ஜோடி. ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்ததாக இருக்கும். பெஞ்சின் கால்மாட்டில் போய் நின்றாள். காலுறையை உறையிலிருந்து உருவினாள். போட்டுவிடவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அவர் எழுந்தார். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தார். கால்மாட்டில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். மகள் ஒன்றைக் கொடுத்தாள்.

கட்டுப் போடாத வலது பாதத்தை இரண்டு கையாலும் பற்றினார். சில்லென்றிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். பாதத்தைக் கொஞ்சம் வெளிச்சம் பக்கம் திருப்பினார். உள்ளங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. நின்று நின்று காய்த்துப்போன தோலில் ஜன்னல் வெளிச்சம் மங்கலாகப் பட்டது.

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ, "நேரமாச்சு" என்றார்கள். அவர் காலுறையின் வாயை விரித்து, கட்டைவிரலில் மாட்டாமல், மெதுவாக ஏற்றத் தொடங்கினார். இன்னொரு காலுறையை மகள் நாலாக மடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.