தட்டும்வரை திறக்காதே

உள்ளே இறங்குவதற்கு முன் லோரென்ஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவி கெஷேயிடம் கொடுத்தான். கைப்பேசி ஏற்கெனவே அவள் கோட்டுப் பையில் இருந்தது. 1944இல் இல்லாத எதுவும் படகுக்குள் போகக் கூடாது. அவன் போட்ட சட்டம் அது.

"பிளாஸ்டிக் ஜிப் வச்ச பேன்டா போட்டிருக்க?" என்றான் அவன் நண்பன் ஹென்னிங்.

"பொத்தான்தான். வந்து தடவிப் பாக்கறியா?"

கெஷே சிரிக்கவில்லை.

வட ஜெர்மனியில், ஷ்லாய் கழியின் தனியார் மிதவை மேடையில் கட்டிக் கிடந்தது அவர்கள் செய்த பீபர். ஒற்றை ஆள் போகும் குட்டி நீர்மூழ்கி. போரின் கடைசிக் கட்டத்தில் இதன் அசல்களை அவசர அவசரமாக அடித்துச் செய்து, மீசை முளைக்காத பையன்களை ஏற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். தகுந்த டீசல் எஞ்சின் கிடைக்காமல் பெட்ரோல் எஞ்சினை ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். குண்டு படாமலே பல பையன்கள் உள்ளே செத்துக் கிடந்தார்கள். எஞ்சின் புகையின் நச்சு என்று எல்லாப் புத்தகமும் சொன்னது.

லோரென்ஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. காற்றுக்குழாயை ஒழுங்காகத் திறந்து வைத்திருந்தால் ஒருவனும் செத்திருக்க மாட்டான், பயத்தில் கை நடுங்கி எதையாவது மூடியிருப்பார்கள் என்பது அவன் வாதம். அதை நிரூபிக்கத்தான் அவனும் ஹென்னிங்கும் குளிர்காலம் தவறாமல் கொட்டகையில் தகடு வளைத்தார்கள். மேடையில் கட்டியபடியே மூடியை அடைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. பற்றவைப்பு முழுக்க ஹென்னிங்கின் கை. ஊசி நுழைய இடமிருக்காது.

"நச்சு வாயு அலாரம் ஒண்ணு சின்னதா வரும்டா," என்றான் ஹென்னிங். இதோடு எத்தனையாவது முறையோ. "சீட்டுக்கு அடியில வச்சிடலாம். போட்டோல தெரியாது."

"எனக்குத் தெரியுமே. அந்தப் பசங்ககிட்ட அலாரம் இருந்துச்சா?"

"அந்தப் பசங்க செத்துட்டாங்க."

"முட்டாளுங்க, செத்தாங்க. கேளு. நீ மூணு தட்டு தட்டு, நான் மூணு தட்டு தட்டுவேன். நான் தட்டுற வரைக்கும் மூடியில கை வைக்காத. புரிஞ்சுதா, ஆயாம்மா?"

அந்தப் பெயர் வசந்தகாலத்தில் வந்தது. அன்று பதில் தட்டல் கொஞ்சம் தாமதமானதும் ஹென்னிங் பதறி மூடியைத் திறந்துவிட்டான். உள்ளே லோரென்ஸ் மூக்கு சிந்திக்கொண்டிருந்தான். சோதனை வீண். மேடையிலிருந்து படம்பிடித்த அந்தக் காட்சியை, இதே பைத்தியம் பிடித்த ஹாலந்துக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் கூடிய இடத்தில் லோரென்ஸ் திரையில் போட்டுக் காட்டினான். கூடம் குலுங்கியது. அன்றிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் ஆயாம்மாவுக்கு வணக்கம் சொல்லித்தான் முடித்தார்கள்.

லோரென்ஸ் இறங்கினான். மூடி இறுகியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஹென்னிங் மண்டியிட்டு, இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் படகின் வெளி ஓட்டில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்தான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே தட்டல் தனியாகக் கேட்க அதுதான் வழி. மூன்று தட்டினான். உள்ளிருந்து ஸ்பேனரால் மூன்று வந்தது. அடுத்த முறையும் மூன்று. மூடிக்குக் கீழே துருத்தி நின்ற குட்டிக் கோபுரத்தின் சிறு கண்ணாடிகளில் வேர்வை படிந்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு முறை இரண்டுதான் வந்தது.

"என்ன?" என்றாள் கெஷே.

"ரெண்டு. எண்ண மறந்துட்டான்."

"அவர் எண்ண மறக்கற ஆளா? திற."

"தட்டறான் கெஷே. இப்ப திறந்தா என்ன சொல்லுவான்னு உனக்கே தெரியும்."

"சொல்லிட்டுப் போகட்டும். திற."

ஹென்னிங் மறுபடி மூன்று தட்டினான். அப்போதுதான் சுற்றுலாப் படகொன்று கழியில் கடந்தது. அது கிளப்பிய அலை மேடையைத் தூக்கிப் போட்டது. உள்ளேயிருந்து தட்டல் மளமளவென்று வந்தது, நாலு, ஐந்து, ஆறு.

"பாத்தியா? துள்ளிக்கிட்டு இருக்கான்," என்றான் அவன். நிம்மதியில் கம்பியை அவளிடம் நீட்டினான். அவளும் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

அலை அடங்கியது. தட்டலும் அடங்கியது. ஹென்னிங் மூன்று தட்டினான். காத்திருந்தான். இன்னும் மூன்று. கையை ஓங்கி மூன்று.

மூடியைத் திறந்தபோது வெக்கையும் பெட்ரோல் நாற்றமும் முகத்தில் அடித்தன. லோரென்ஸ் இருக்கையில் சாய்ந்திருந்தான். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கன்னம் செக்கச்செவேலென்று, வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையுடையதைப் போல இருந்தது. கை தவறி விழாமலிருக்கக் கயிற்றில் கட்டிய ஸ்பேனர் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. ஹென்னிங்கின் எடை படகை அசைத்ததும் அது ஆடிப் போய் ஓட்டில் இடித்தது. அலை வந்தபோது கேட்ட அதே தட்டல், யாரும் தட்டாமலே.

இழுத்து மேலே போட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கெஷே அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

புகை நச்சு, விபத்து என்று போலீஸ் முடித்தது. காற்றுக்குழாய் கடைசிவரை திறந்தே இருந்ததாகப் பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். ஒருவன் கையும் நடுங்கியிருக்கவில்லை. போலீஸ் படகைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் கெஷே கொட்டகைக்கு வந்தாள். ஹென்னிங் மூலையில் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாளும் இரவில் அவன் அங்கேயே தூங்கியிருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஹாலந்துலேருந்து எழுதியிருக்காங்க," என்றான். "புகைக்குழாய் இணைப்பு எந்த இடத்துல கசிஞ்சதுன்னு கேக்கறாங்க. வருத்தமும் சொல்லியிருக்காங்க."

"எதை முதல்ல சொன்னாங்க?"

அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

"வெட்டு," என்றாள். "சின்னச் சின்னதா. பழைய இரும்புக்காரன் மத்தியானம் வருவான்."

"கெஷே, நான் அன்னிக்கு..."

"அதை நான் கேக்கல. வெட்டு."

வெட்டும் இயந்திரத்தை எடுத்தான். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினான். பிறகு, பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து ஓட்டின்மேல் கோடு போடத் தொடங்கினான். பற்றவைப்புக்கு ஒட்டி, உள்சட்டங்கள் சேதமாகாதபடி, பிறகு ஒருநாள் திரும்பச் சேர்க்க வசதியாக. அளந்தான். ஒரு கோட்டை விரலால் அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டான்.

கெஷே பார்த்துக்கொண்டே இருந்தாள். அருகில் வந்து அவன் கையிலிருந்து இயந்திரத்தை வாங்கினாள். அவள் அதுவரை அதைத் தொட்டதில்லை. பொத்தான் எங்கே என்று அவனிடம் கேட்டாள். அவன் காட்டினான். கோடுகள் எதையும் பார்க்காமல், கோபுரத்துக்குக் கீழே குறுக்காக வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது. ஹென்னிங் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, தகடு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.