இறுதிப் போட்டிக்கு மட்டும்

வெர்னன் விசிலை ஊதிக் கைகளை விரித்துக் காட்டினார். பந்தைப் பிடித்தவனின் கால் எல்லைக்கோட்டுக்கு வெளியே, புள்ளி கிடையாது. கொடுத்திருந்தால் அந்தப் பிடிக்கு ஆறு புள்ளி; நான்கு புள்ளி பின்தங்கியிருந்த ஹாலர்ட்டன் பள்ளி ஜெயித்திருக்கும். நேரமும் முடிந்தது. ஜெயித்தால் அந்த ஊர் முதல்முறையாக மாநில இறுதிக்குப் போகவிருந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அது.

"யோவ், வரிக்குதிரை! மூஞ்சில இருக்கிறது கண்ணா, சட்டைப் பொத்தானா? இதப் பாருய்யா!" வெர்னனின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டையைக் கிண்டல் செய்தபடி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வீடியோ ஓடும் போனை நீட்டினார்.

பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டார். கால்விரலுக்கும் வெள்ளைக்கோட்டுக்கும் நடுவே நான்கு விரற்கடைப் புல் பச்சையாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருட நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

தலைமை நடுவர் மெர்ல் மற்ற நான்கு நடுவர்களையும் கூட்டினார். நடுவர்கள் களத்தை விட்டு இறங்கும்வரை தீர்ப்பைத் திருத்தலாம். "அண்ணே, தப்பாக் குடுத்துட்டோம்னு தோணுனா இப்பவே சொல்லிருங்க. மாத்திரலாம்."

"கால் உள்ளதான் இருந்துச்சு, மெர்ல்."

"அப்பவே நீங்களே நேர்ல பாத்தீங்கல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், தீர்ப்பு மாறிவிடும். ஆனால் வெர்னன் பொய் சொல்லாத மனுஷர். அந்தப் பெருமை வேறு அவருக்கு உண்டு.

"போன்ல பாத்தேன். வேலியோரம் ஒருத்தர் காட்டினார்."

மெர்லின் முகம் செத்துப்போனது. "ஐயோ, அத ஏண்ணே எங்கிட்ட சொன்னீங்க?"

வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இறுதிப் போட்டிக்கு மட்டும் என்பது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் விதி. மற்ற நாளில் நடந்த அநியாயம் அநியாயமாகவே கிடக்க வேண்டும் போலிருக்கிறது. வீடியோவை வைத்து மாற்றினார்கள் என்று எதிரணி புகார் கொடுத்தால் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"முடிஞ்சுது. யார் கேட்டாலும் கால் வெளிய. எல்லாரும் ஒரே பேச்சு" என்றார் மெர்ல்.

அவர்கள் வெளியேறும்போது பந்தைப் பிடித்த பையன் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு குறுக்கே வந்தான். பள்ளியில் அவனுக்கு இது கடைசி வருடம். கன்னமெல்லாம் மண்ணும் கண்ணீரும்.

"சார், நெசமாச் சொல்லுங்க. நான் உள்ளதான இருந்தேன்?"

ஒரு பொய் அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தில் வெர்னனுக்கு அது வாயில் வரவில்லை. இப்போது தடையில்லாமல் வந்தது.

"இல்ல தம்பி. கோட்ட மிதிச்சுட்ட."

பையன் நம்பிவிட்டான். தலையை ஆட்டினான்.

"எங்கப்பாதான் சார் வேலியில நின்னு கத்தினாரு. மனசுல வச்சுக்காதீங்க. தப்பு என்னோடது."

"பரவாயில்ல" என்றார் வெர்னன். அதைச் சொல்லவும் அவரால் முடிந்தது.