பாலாமையின் வசிப்பிடம்

கொல்லங்கோட்டுப் பக்கம் நான் விசாரித்தவரையில், ஆமை என்பது அடுத்தவர் வீட்டுக்குள் மட்டும் வரும் பிராணி. தன் வீட்டுக்குள் வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி இருக்கிறதே, அதைக் கிளப்பிவிட்டவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாலாமை என்ற நன்னீர் ஆமை எங்கே வாழ்கிறது, மழைக்கு எங்கே ஒதுங்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு கண்டுபிடித்த மாதிரிதான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பூபதிராஜாவும் நானும் கல்லூரியிலேயே முடிவு செய்த விஷயம்தான். ஆனால் அவன் அம்மா, பூனை குறுக்கே போனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறவர். அவர் சரி என்றால்தான் கல்யாணம். அவரைக் கோவிந்தாபுரத்திலிருந்து கிளப்பவே அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது.

கார் வந்து நிற்கும்போது, வயல் பக்கத்துக் கதவு வழியாக ஆமை ஒன்று கூடத்துக்குள் நடந்து வந்தது. அதற்கு அவசரமே இல்லை. என் அம்மா மருதாத்தாள் அதன்மேல் அலுமினியக் குண்டாவைக் கவிழ்த்தார்.

"தமிழு, வாயத் தொறந்தீன்னா பாரு" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்று சிரித்தார்.

காபி குடிக்கும்போது பூபதிராஜாவின் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஆமையப் பத்திப் படிக்கறியாமா அம்முணி. அதெல்லாம் எங்க இருக்கும்?"

"ஆத்துலதானுங்க" என்று அம்மா முந்திக்கொண்டார். "ஊட்டுப் பக்கமே வராதுங்க."

குண்டா ஒரு சாண் நகர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பூபதிராஜா மிகக் கவனமாகக் காபி குடித்தான்.

அவன் இல்லாமல் என்னால் முடியாது. ஆனால் ஊரையெல்லாம் திட்டிய வாயில் பொய்யும் வரவில்லை. குண்டாவைத் தூக்கி, ஆமையைத் திருப்பிக் காட்டினேன்.

"பின்னங்கால உள்ள இழுத்ததும் ஒரு மடல் வந்து மூடிக்குது பாருங்க, அதான் பாலாமைங்க. கொளத்துல, வயல்ல இருக்கும். மழைன்னா ஊட்டுக்குள்ளயும் வருமுங்க. இப்பத்தான் வந்துச்சு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆமையை மேலும் கீழும் பார்த்தார். என்னைக்கூட அவ்வளவு பார்க்கவில்லை.

"இதென்னங்க, சின்னதா இருக்குது" என்றார் அம்மாவிடம். "எங்க ஊட்டுக்கு மழைக்கு மழை வர்றது இதவிடப் பெருசு. வெளிய சொல்லிப்போடாதீங்க சம்பந்தி."