பனிக்குள் கேட்ட காக்கைச் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தேர்வெழுதித் தேறி, தனக்கென்று எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக்குறி வாங்கி, பழைய வானொலிக் கருவி ஒன்றையும் தேடிப் பிடித்திருந்தாள். ஆனால் பக்கத்து ஊர்களைத் தாண்டி ஒரு குரலும் எட்டவில்லை. மூன்றாம் மாடி பால்கனியில் மடக்கி மடக்கிக் கட்டிய ஆன்டெனா அவ்வளவுதான் இழுத்தது. விடியற்காலையில் எழுந்து மைக்கைப் பிடித்து, "சிக்யூ, சிக்யூ" என்று உலகத்தையே கூப்பிடுவாள். யாராவது இருக்கிறீர்களா என்று அதற்குப் பொருள்.

பதிலுக்குக் கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல்தான் வரும். "இருக்கேன் அண்ணி, தூங்கிட்டு இருக்கேன்!"

கணவர், பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ரகம். அவரால் தொந்தரவில்லை.

மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பியை நீளவாக்கில் கட்டினால் கதையே வேறு. அதற்குத்தான் குடியிருப்பின் செகரட்டரி மசியவில்லை. மூன்று முறை கேட்டாள். "கம்பி கட்டி இடியக் கூப்பிடுவீங்க. அது என் தலையில விழும்" என்று மூன்று முறையும் கையை விரித்தார். மாடிச் சாவி அவர் சட்டைப் பையை விட்டு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே செகரட்டரி. கதவைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"பயப்படாதீங்க சார். மேல மெஷின் ரூமுக்குப் போய்க் கையாலயே இறக்கிடறேன்."

"சீக்கிரம் போம்மா! வேர்த்துக் கொட்டுது."

"மெஷின் ரூம் மொட்டை மாடியில இருக்கு சார். சாவி?"

"எங்கிட்ட" என்றார் உள்ளிருந்து ஈனக் குரலில்.

படியில் நின்ற நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. லிஃப்ட் கதவு திறக்கும் தன் முக்கோணச் சாவியால் மூன்றாம் மாடிக் கதவைக் கையகலம் திறந்தாள். இடுக்கு வழியே செகரட்டரியின் விரல்கள் சாவியை நீட்டின. மேலே ஓடி மின்சாரத்தை நிறுத்தினாள். பின்னாலேயே வந்த நாத்தனாரை பிரேக் நெம்புகோலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தை நிதானமாகச் சுற்றினாள். ஐந்தே நிமிடத்தில் செகரட்டரி இரண்டாம் மாடியில் வெளியே வந்தார், சட்டையோடு குளித்தவர் மாதிரி.

அவள் சாவியைத் திருப்பி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தக் கம்பி எவ்வளவு நீளம்னு சொன்னீங்க?"

அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியிலிருந்து மெஷின் ரூம் மூலைவரை கம்பி ஏறியது. ஒரு முனையைச் செகரட்டரியே பிடித்தார்.

மறுநாள் விடியலில், கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது அழைப்புக்கு, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் அவளுடைய அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது. பேசியவர் பூமியின் தென்கோடியில், பனிக்கட்டியின் மேல் இருக்கும் ஓர் ஆய்வு நிலையத்தின் சமையல்காரர். சூரியனைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறதாம். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் ஊர், வானிலை எல்லாம் விசாரித்துக்கொண்டார்கள்.

திடீரென்று அவர் கேட்டார்: "உங்களுக்குப் பின்னாடி என்ன சத்தம்?"

ஜன்னல் விளிம்பில் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டு, நாத்தனாரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வதாகச் சொன்னாள்.

"ஐயோ, சாத்தாதீங்க! நான் ஒரு பறவைச் சத்தம் கேட்டு ஏழு மாசமாச்சு!"

அவள் மைக் ஒயரை இழுத்த மட்டும் இழுத்து ஜன்னலருகே கொண்டுபோனாள். கையைக் கண்டதும் காக்கை பறந்துவிட்டது. நாத்தனார் சமையலறைக்கு ஓடி, ரொட்டியைப் பிய்த்து ஜன்னலில் போட்டாள். ஒன்றும் வரவில்லை. பொறுக்க மாட்டாமல் செகரட்டரி எழுந்து வந்து, கழுத்தை நீட்டி, "கா! கா!" என்று கத்தினார்.

பேசுவதற்காக அழுத்தியிருந்த மைக் பொத்தானை அவள் விட்டதும் சமையல்காரரின் குரல் வந்தது. "இது ரொம்பப் பெரிய பறவை போலிருக்கே?"

"அது எங்க செகரட்டரி" என்றாள்.

மறுமுனையில் ஒருவர் அல்ல, பலர் சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் எழுப்பிக் கூட்டிவந்திருந்தார் மனிதர். அதற்குள் நிஜமான காக்கைகள் நான்கைந்து ரொட்டிக்கு இறங்கிச் சண்டை போட ஆரம்பித்தன. அவள் பொத்தானை அழுத்தியபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். கையை எடுத்தபோது அந்தப் பக்கம் கைதட்டல்.

வெயில் ஏற ஏற குரல் தேய்ந்தது. "நாளைக்கும் இதே நேரம்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். செகரட்டரி யாரையும் பார்க்காமல் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருந்த ரொட்டி மொத்தமும் போச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். "வேலை முடிஞ்சு வரும்போது ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டு வாங்க."